ஒரே பஸ், ஒரே பயணம்தானே? பெங்களூர் பிழைப்பில் ஆண் என்ன, பெண் என்ன!

தகடூரான்:
நேற்று தர்மபுரியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. மகளைக் கூட்டி வரப் போனவன் கடைசி அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். மேடையில் ஒரு பேராசிரியை. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகிற புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் அது இரண்டு பயணமாம். ஆம்பளை அதைத் தான் எடுத்த முடிவாகச் சொல்வானாம், பொம்பளை தன் தலையில் வந்து விழுந்ததாகச் சொல்வாளாம். நாலு பேர் கை வேறு தட்டினார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. 1998-ல் நானும் என் வீட்டுக்காரியும் காரிமங்கலத்தில் பஸ் ஏறிப் பெங்களூர் போனோம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கேழ்வரகு மூட்டை, ஒரு கைக்குழந்தை. ஒரே பஸ், ஒரே டிக்கெட், ஒரே பசி. இன்னும் சொல்லப்போனால் ஜன்னலோர சீட்டை நான் அவளுக்குத்தான் கொடுத்தேன். இதில் எங்கே வந்தது இரண்டு பயணம்? சென்ட்ரிங் பலகை தூக்கித் தோள் காய்த்தவன் நான். ஃபேனுக்குக் கீழே நின்று பேசுகிறவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அரூர்க்காரி:
ஜன்னலோர சீட்டைக் "கொடுத்தேன்" என்கிறீர்களே அண்ணா, அந்த அம்மா சொன்னதற்கு வேறு சாட்சியே வேண்டாம். குழந்தை யார் மடியில் இருந்தது?

தகடூரான்:
குழந்தை தாய் மடியில் இல்லாமல் கண்டக்டர் மடியிலா இருக்கும்? வந்துவிட்டார் அரூர் அம்மணி. மொரப்பூர் ரயில் பாதை பற்றிப் பேசும்போது வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

அரூர்க்காரி:
அங்கே யார் வாங்கிக் கட்டிக்கொண்டது என்று படித்தவர்களுக்குத் தெரியும். கைக்குழந்தை பஸ்ஸில் கக்கும், வீறிட்டு அழும், பால் கேட்கும். முந்தானையை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் பால் கொடுக்க ஜன்னலோரம்தான் தோது. அது நீங்கள் கொடுத்த சீட் இல்லை, குழந்தை வாங்கிக்கொடுத்த சீட்.

தகடூரான்:
நான் விரும்பித்தான் கொடுத்தேன். எனக்கும் ஜன்னலோரம் பிடிக்கும். முதல் முறை பெங்களூர் போகிறவனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை இருக்காதா? விட்டுக்கொடுத்தேன். அதைக் கூடத் தப்பாகப் பேசினால் என்ன செய்வது.

கணக்குப்பிள்ளை:
ஒரு தகவல். 2020-21 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் இடம் பெயர்ந்தவர்கள் 28.9 சதவீதம். பெண்களில் 47.9, ஆண்களில் 10.7. இடம் பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேருக்குக் காரணம் கல்யாணம் என்று பதிவாகியிருக்கிறது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கணக்கெடுக்க வருகிறவர் ஒரே ஒரு காரணத்தைத்தான் குறித்துக்கொள்வார். காரிமங்கலத்திலிருந்து புருஷனோடு பெங்களூர் போய் அடுத்த வாரமே சித்தாளாக மண் சுமந்தாலும் அந்தப் பெண் வந்த காரணம் "குடும்பத்தோடு வந்தார்" என்று ஆகிவிடும். வேலைக்காக இடம் பெயர்ந்தவர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. புருஷன் பெயர் இருக்கும். ஆக, அரசாங்கத்தின் காகிதத்திலேயே இரண்டு பயணம்தான்.

தகடூரான்:
சார், உங்கள் காகிதத்தில் ஜன்னலோர சீட்டுக்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா? இல்லையென்றால் நகருங்கள்.

மாங்கனிச் சீமை:
1998-ல் காரிமங்கலத்திலிருந்து போனால் எங்கள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துதான் போயிருப்பீர்கள். டிரைவர் டீ குடிக்க இறங்குவார், பஸ் நன்றாக நிற்கும். ஒரே கேள்வி: அங்கே கீழே இறங்கியது யார்?

தகடூரான்:
"எங்கள் கிருஷ்ணகிரி"யா? 1998-ல் உங்கள் கிருஷ்ணகிரி எங்கள் தர்மபுரி மாவட்டத்தில்தான் இருந்தது தம்பி. 2004-ல்தானே தனியாகப் போனீர்கள்.

மாங்கனிச் சீமை:
1965 வரைக்கும் நீங்களே சேலம் மாவட்டம்தான். பழைய பட்டாவை எடுத்தால் எல்லோருக்கும் சிக்கல். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

தகடூரான்:
நான்தான் இறங்கினேன். இறங்கி டீ வாங்கி, நிப்பட்டும் வாங்கி, ஜன்னல் வழியாக அவளுக்கு நீட்டினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததால்தானே நீட்ட முடிந்தது? இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அரூர்க்காரி:
குடித்தார்களா?

தகடூரான்:
என்ன?

அரூர்க்காரி:
டீயை அண்ணி குடித்தார்களா என்று கேட்கிறேன். தூரத்துப் பஸ் ஏறுகிற பெண் அதற்கு முன்னாலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். என் அம்மா அரூரில் ஏறும்போது ஒரு வாய் தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவார், அவ்வளவுதான். பஸ்ஸை ஓரம் கட்டினால் ஆண்கள் புளியமரத்தடிக்குப் போய் வருவார்கள். பெண்கள் எங்கே போவார்கள்? கிருஷ்ணகிரியில் இறங்கினால் டிரங்குப் பெட்டியை யார் பார்ப்பது, குழந்தையை யார் தூக்குவது, அதற்குள் பஸ் எடுத்துவிட்டால் என்ன கதி? உங்களுக்கு அந்த நிறுத்தம் டீ, பீடி, காலை நீட்டி நடப்பது. அவர்களுக்கு அடக்கிக்கொண்டு உட்காருவது. இதைத்தான் அந்தப் பேராசிரியை சொல்லியிருப்பார்.

தகடூரான்:
நான் பீடி குடிப்பதில்லை. தெரியாமல் பேச வேண்டாம்.

பென்னாகரத்து மேஸ்திரி:
எதற்கு வளவள என்று. நானும் பெங்களூரில் ஆள் வைத்து வேலை எடுக்கிறவன். எங்கள் பக்கம் ஆணும் பெண்ணும் ஜோடியாகத்தான் கிளம்புவார்கள். கட்டட வேலை ஆகட்டும், சூளை ஆகட்டும், கரும்பு வெட்டு ஆகட்டும், ஜோடி என்றால்தான் முன்பணம் நிற்கும். இதில் ஆண் பெண் பேதம் ஒன்றும் கிடையாது.

அரூர்க்காரி:
முன்பணத்தை யார் கையில் கொடுப்பீர்கள்?

பென்னாகரத்து மேஸ்திரி:
ஆம்பளை கையில்தான். வேறு யாரிடம் கொடுப்பது?

அரூர்க்காரி:
சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மண் குழைப்பது, அறுத்த கல்லை அடுக்குவது எல்லாம் இரண்டு பேரும். பேரேட்டில் யார் பெயர்?

பென்னாகரத்து மேஸ்திரி:
ஆம்பளை பெயர். குடும்பத்துக்கு ஒரு பெயர் போதாதா? அப்புறம் நான் ஒன்று சொல்கிறேன். என் சைட்டில் சித்தாளாக வருகிற பையன் ரெண்டு வருஷத்தில் கரணை பிடிக்கிறான், அப்புறம் கொத்தனார் ஆகிறான். சித்தாளாக வருகிற பொம்பளை பேரன் எடுத்த பிறகும் சட்டிதான் தூக்குகிறாள். அதற்கு நானா காரணம்? எனக்கும் கரணை கொடு என்று எந்தப் பொம்பளையும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

பி ஷிப்ட்:
கேட்டால் கொடுப்பீர்களா மாமா?

பென்னாகரத்து மேஸ்திரி:
பூச்சு கோணலாக வந்தால் ஓனருக்கு நீ வந்து பதில் சொல்வாயா?

பி ஷிப்ட்:
பையன் முதலில் பூசியபோது நேராகவா வந்தது?

தகடூரான்:
விஷயத்தை விட்டு எங்கேயோ போகிறீர்கள். ஜன்னலோர சீட்டில் ஆரம்பித்துக் கரணைக்கு வந்தாகிவிட்டது. மேஸ்திரி, நீங்கள் எந்த ஏரியாவில் வேலை எடுக்கிறீர்கள்? பெல்லந்தூர் பக்கமா? அங்கே ஒருவர் என்னிடம் பலகை வாடகைக்கு எடுத்துவிட்டு இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

பென்னாகரத்து மேஸ்திரி:
அது நான் இல்லை.

தகடூரான்:
நீங்கள் என்று நான் சொல்லவில்லையே.

கணக்குப்பிள்ளை:
1996 கட்டடத் தொழிலாளர் சட்டப்படி 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும். தகடூரான் ஐயா போனது அதற்குப் பிறகு. அந்தக் கைக்குழந்தை சைட்டில் எங்கே இருந்தது?

தகடூரான்:
மணல் மேட்டில் சேலைத் தூளி கட்டியிருந்தோம். நன்றாகத்தான் வளர்ந்தது. நேற்று நான் கூட்டி வரப் போனது அவளுடைய தங்கையைத்தான். மூத்தவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. என் சைட்டில் 50 பெண்கள் ஒருநாளும் இருந்ததில்லை, எனவே சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாது. தூளியைக் கட்டியதும் நான்தான். கயிறு முடிச்சு எனக்குத்தான் நன்றாக வரும். இதையும் "குழந்தை கட்டவைத்தது" என்பீர்கள்.

அரூர்க்காரி:
முடிச்சு போட்டது நீங்கள். அழுகைச் சத்தம் கேட்டால் சட்டியை இறக்கிவிட்டு ஓடியது யார்? அப்படி ஓடியதற்குக் கூலியில் பிடித்தம் உண்டா இல்லையா, மேஸ்திரியையே கேளுங்கள்.

பென்னாகரத்து மேஸ்திரி:
என்னை இழுக்காதீர்கள்.

பி ஷிப்ட்:
நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன், ஊர் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம். இன்றைக்குள்ள கதையைச் சொல்கிறேன். என் அண்ணன் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறான். அவன் ஞாயிறு இரவு ஊரிலிருந்து கிளம்பினால் வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். நான் கிளம்பினால் போன் அடங்காது. ஏறிவிட்டாயா, பக்கத்தில் யார், சூளகிரி தாண்டிவிட்டாயா, லொகேஷன் நகரவே இல்லையே. விடுதிக்குள் நுழைந்ததும் வார்டனோடு ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். ஒரு தடவை சார்ஜ் தீர்ந்து போன் அணைந்துவிட்டது. விடுதிக்கு வந்து சேர்ந்தால் அப்பா வாசலில் பைக்கோடு நிற்கிறார், குளிரில் காது சிவந்துபோய். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அண்ணன் ஒருமுறை மூன்று நாள் போனே எடுக்கவில்லை. "பையன் வேலையில் இருப்பான்" என்றார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கும் கிடைக்கும். ஆனால் நான் போவது என் ஒருத்தி பயணம் மாதிரியே இருக்காது. வீடே கூட உட்கார்ந்து வருகிற மாதிரி இருக்கும்.

தகடூரான்:
அது பாசம். பாசத்தைக் கூடக் குறை சொல்கிற காலம். உன் அப்பா பைக்கில் வந்தது தப்பா?

பி ஷிப்ட்:
தப்பு என்று நான் எங்கே சொன்னேன்?

தகடூரான்:
சொல்லவில்லை, ஆனால் அந்தத் தொனி இருக்கிறது.

மாங்கனிச் சீமை:
விடுதி என்றால் முழுக்க வடக்கத்தி பொண்ணுங்கதானே? ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயில் ரயிலாக வருகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை இல்லை.

பி ஷிப்ட்:
நான் நம் ஊர்ப் பிள்ளைதானே, எனக்கு வேலை இருக்கிறதே. என் அறையில் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி. அவர்கள் ஒரு கூட்டமாக வந்தார்களாம். ரயிலில் மேல் பெர்த்தில் ஏறிப் படுத்தால் இறங்குவதே இல்லை, ஜன்னல் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்றாள். அவளிடம் வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒரு ஊரும் சொல்லத் தெரியாது. பெட்டிக்குள் யார் யார் முறைத்துப் பார்த்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்வாள். அதே ரயிலில் வந்த அவளுடைய சித்தப்பா மகன் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி எடுத்த செல்ஃபியை வைத்திருக்கிறான்.

தகடூரான்:
மேல் பெர்த் வேறு, பஸ் ஜன்னல் வேறு. இங்கே பேசுவது பஸ்ஸைப் பற்றி.

நடுவில் ஒருவன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, ஏன் சண்டை? ஆணுக்கும் கஷ்டம் உண்டு, பெண்ணுக்கும் கஷ்டம் உண்டு. ஆண் பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுக்க வேண்டியிருக்கிறது, போலீஸ் லத்தியால் தட்டி எழுப்புகிறது. அதுவும் கஷ்டம்தானே.

அரூர்க்காரி:
துண்டை விரித்துப் படுக்க முடிகிறது என்பதே ஒரு வசதி தம்பி. பெங்களூர் கலாசிப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இரவு தனியாக ஒரு பெண் அப்படிப் படுத்துப் பார்க்கட்டும். இங்கே "கையில் பத்து ரூபாயோடு போனேன், நடைபாதையில் படுத்தேன், இன்று மூன்று மாடி கட்டினேன்" என்று எழுதுகிற ஆண்கள் எத்தனை பேர். அதே கதையை ஒரு பெண் எழுதினால் முதல் கேள்வி என்ன வரும்? "நடைபாதையில் படுத்தாயா? யாரோடு?"

தகடூரான்:
நான் மூன்று மாடி கட்டவில்லை. இரண்டுதான். குத்திக் காட்ட வேண்டாம். மேலும் 1998-ல் எங்கள் பஸ் நின்றது கலாசிப்பாளையம் இல்லை, மெஜஸ்டிக்.

மாங்கனிச் சீமை:
தமிழ்நாட்டு பஸ் சாந்திநகர் இல்லையோ?

தகடூரான்:
சாந்திநகர் எல்லாம் பின்னால் வந்தது. சின்னப் பையன்கள் பேசாமல் இருங்கள்.

அரூர்க்காரி:
சரி, பெரியவர் சொல்லட்டும். 1991 டிசம்பர் காவிரிக் கலவரம் ஞாபகம் இருக்கும். அப்போது என் அப்பா அம்மா பெங்களூரில் இருந்தார்கள். அப்பாவைக் கேட்டால் "அடிச்சாங்க, ராத்திரியோட ராத்திரியா லாரி ஏறி வந்துட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அம்மாவைக் கேட்டால் அடுப்பில் பாதி வெந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி அணைத்ததிலிருந்து ஆரம்பிப்பார். கொடியில் ஈரத்தோடு விட்டுவந்த பாவாடை, லாரியில் பெரியவளை எந்த மூலையில் உட்காரவைத்தார், யார் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார், பின்னால் திரும்பிப் போனபோது பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா பத்திரமாக வைத்திருந்து கொடுத்த பித்தளைக் குடம். அப்பாவுக்கு அந்தக் குடம் ஞாபகமே இல்லை. குடம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

தகடூரான்:
உங்கள் அப்பா உண்மையைச் சுருக்கமாகச் சொன்னார். அம்மா நீட்டிச் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம். லாரி ஒன்றுதானே? இரண்டு லாரியா வந்தது?

அரூர்க்காரி:
உங்களோடு பேசுவதற்குப் பதில் அந்தக் குடத்தோடு பேசலாம்.

தகடூரான்:
பேசுங்கள், அதுவாவது பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும். 91-ல் நீங்கள் பிறந்திருந்தீர்களா என்பதே சந்தேகம்.

கணக்குப்பிள்ளை:
இந்த வித்தியாசம் நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அரசாங்க விதியிலேயே உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி தேவைப்படும் (ECR) பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஆணுக்கு அந்த நிபந்தனை இல்லை. பாதுகாப்பு என்கிறார்கள். அதற்குப் பயந்து வேறு வழியில் போகிறவள் ஏஜென்ட் கையில் மாட்டுகிறாள். அப்புறம் 1885-லேயே ராவன்ஸ்டீன் என்பவர் பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்துவிட்டு, கிட்டத்துத் தூரங்களுக்கு ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் இடம் பெயர்கிறார்கள் என்று எழுதினார். நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியும் நாம் இன்னும் பெண் "கூட வந்தவள்" என்றே...

தகடூரான்:
ராவன்ஸ்டீன் காரிமங்கலம் பஸ்ஸில் வந்தாரா?

மாங்கனிச் சீமை:
வந்திருந்தால் அவருக்கும் ஜன்னலோர சீட்டைக் கொடுத்திருப்பீர்கள்.

பி ஷிப்ட்:
தகடூரான் பெரியப்பா, ஒன்று கேட்கலாமா? இவ்வளவு நேரம் பெரியம்மா எங்கே உட்கார்ந்தார், டீ குடித்தாரா, வேடிக்கை பார்த்தாரா என்று பேசுகிறோம். பெரியம்மா வீட்டில்தானே இருக்கிறார்? அவரையே கேட்டு எழுதலாமே.

தகடூரான்:
அவளுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் பிடிக்காது.

அரூர்க்காரி:
பிடிக்கிறதோ இல்லையோ, கேளுங்கள்.

தகடூரான்:
கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா? ஜன்னலோரம் சந்தோஷமாக உட்கார்ந்து வந்தேன் என்பாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

அரூர்க்காரி:
குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது ஜன்னல் ஷட்டரை இறக்கியிருப்பார்கள். இறக்கிய ஷட்டரில் எந்த வேடிக்கையைப் பார்த்தார்கள்?

தகடூரான்:
முழு வழியும் இறக்கியே இருக்கவில்லை. சூளகிரிக்கு அப்புறம் ஏற்றினோம்.

மாங்கனிச் சீமை:
காலை பஸ்ஸா?

தகடூரான்:
ஆமாம், காலை பஸ்.

மாங்கனிச் சீமை:
எந்தப் பக்க ஜன்னல்? இங்கிருந்து பெங்களூர் வடக்கு, வடமேற்கு. காலை வெயில் வலது பக்கம் அடிக்கும். டிரைவர் பக்க ஜன்னலைக் கொடுத்திருந்தால் வெயிலைத்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

தகடூரான்:
இடது பக்கம். இரண்டு பேர் சீட்.

பென்னாகரத்து மேஸ்திரி:
ஒரு நிமிஷம். டிரங்குப் பெட்டி, மூட்டை, குழந்தை, இரண்டு பேர். இவ்வளவும் இரண்டு பேர் சீட்டில் எப்படி அடங்கும்? எங்கள் ஆட்கள் எல்லோரும் டிரைவர் பக்கம் மூன்று பேர் சீட்டில்தான் வருவார்கள், காலுக்கடியில் மூட்டையைத் தள்ளிவிட்டு.

தகடூரான்:
மூட்டை பஸ் கூரையில் போட்டது. மேஸ்திரி, நீங்கள் யார் கட்சி?

பென்னாகரத்து மேஸ்திரி:
நான் யார் கட்சியும் இல்லை. கூரையில் போட்டால் லக்கேஜ் கூலி வாங்குவான். அந்தக் காலத்தில் நம்மைப் போன்றவர்கள் கூலி கொடுத்துக் கேழ்வரகு மூட்டையைக் கூரையில் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அரூர்க்காரி:
மூன்று பேர் சீட் என்றால் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அந்நிய ஆம்பளை பக்கத்தில் பெண்டாட்டியை உட்காரவைக்கக் கூடாது என்று அண்ணியை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டு நீங்கள் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். இதற்குப் பெயர் விட்டுக்கொடுத்ததா?

தகடூரான்:
மூன்று பேர் சீட்டே இல்லை என்கிறேன். இரண்டு பேர் சீட். இடது பக்கம். முன்னாலிருந்து நாலாவது வரிசை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாங்கனிச் சீமை:
முன்னாலிருந்து நாலாவது வரிசை இடது பக்கம் என்றால் அது மகளிர் சீட் ஆயிற்றே. அங்கே நீங்கள் எப்படி உட்கார்ந்தீர்கள்?

தகடூரான்:
தூரத்து பஸ்ஸில் அப்போதெல்லாம் அப்படிப் பார்க்க மாட்டார்கள். தெரியாவிட்டால் வாயை மூடுங்கள்.

நடுவில் ஒருவன்:
அந்த ரூட்டில் அப்போது ஓடிய பஸ் போட்டோ யாரிடமாவது இருந்தால் போடுங்கள், முடித்துவிடலாம்.

தகடூரான்:
என்னிடம் இருக்கிறது. பரணில் இருக்கிறது. நாளைக்கு எடுத்துப் போடுகிறேன், அப்புறம் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும்.

அரூர்க்காரி:
மொரப்பூர் ரயில் பாதை வரைபடத்தையும் நாளைக்குப் போடுகிறேன் என்றுதான் சொன்னீர்கள்.